கார்மல் பக்கம் 30 மீட்டர் பாறை டைவ்: அந்தமானில் வாங்கிய அட்வான்ஸ்டு கார்டு போதுமா?

ஹேவ்லாக் ரிட்டர்ன்:

வணக்கம். போன வருடம் அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு இரண்டையும் முடித்தேன். மொத்தம் 19 டைவ், எல்லாமே 28, 29 டிகிரி தண்ணீரில், 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் (ரப்பர்) சூட்டில். 29 மீட்டர் வரை ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது வேலை மாறி கலிஃபோர்னியாவில் சன்னிவேல் வந்திருக்கிறேன். ஆபீஸில் ஒருத்தர், நல்ல அனுபவசாலி, அக்டோபரில் படகில் கார்மல் பினக்கிள்ஸ் என்ற கடலடிப் பாறைகளுக்குப் போகிறோம், நீயும் வா என்கிறார். அவர் காட்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, பாறை முழுக்க ஊதா நிறத்தில் ஏதோ பவளம் மாதிரி அப்பிக் கிடக்கிறது. என் கேள்வி இதுதான்: கார்டில் 30 மீட்டர் வரை போகலாம் என்றுதானே இருக்கிறது? 7 மில்லிமீட்டர் சூட் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாமா, அல்லது தண்ணீரே உள்ளே புகாத டிரை சூட் கட்டாயமா? மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவளிடம் சொல்ல நியாயமாக ஏதாவது கிடைத்தால் நல்லது.

பழைய துடுப்பு:

தம்பி, கார்டை விடுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) அடைத்தால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. மேலே நிதானமாக மூச்சு விட்டால் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் குளிரில், புது இடத்தில், புது சூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போது 25 லிட்டருக்குக் குறையாது. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 100 லிட்டர்.

இப்போது மிச்சம் வைக்க வேண்டியதைப் பாருங்கள். கூட வருபவரின் காற்று கீழே தீர்ந்துபோய் இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரிலேயே மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் பதறிப்போய் ஆளுக்கு 30 லிட்டர் இழுத்தால், கீழே ஒரு நிமிடம் தடுமாறுவதற்கு 240, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி வர 500, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 270. கூட்டினால் 1,000 லிட்டருக்கு மேல், அதாவது 90 பார் சொச்சம் (இங்கே காற்றழுத்தம் காட்டும் மீட்டர் பிஎஸ்ஐ என்ற அலகில் காட்டும், 1,300 என்று மனதில் வையுங்கள்). மிஞ்சுவது 1,200 லிட்டர். இறங்கும் நேரத்தையும் சேர்த்து உங்களுக்கு அடியில் 12 நிமிடம். உடலில் சேரும் நைட்ரஜனை வைத்துப் போட்ட டைவ் அட்டவணைப்படி அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் 20 நிமிடம் இருக்கலாம் என்று படித்திருப்பீர்கள், அதைத் தொடுவதற்கு முன்பே காற்று கையைக் கடித்துவிடும்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆக்சிஜன் 32 சதவீதம் இருந்தால் அந்த 20 நிமிடம்தான் நீளும், சிலிண்டரில் இருக்கும் லிட்டர் ஒன்றும் கூடாது.

சூட்: அடியில் தண்ணீர் 10 டிகிரி பக்கம் இருக்கும், வசந்த காலத்தில் அடிநீர் மேலெழும்பும்போது இன்னும் குறையும். 7 மில்லிமீட்டர் நியோப்ரீன் படகில்தான் 7 மில்லிமீட்டர், 30 மீட்டரில் நசுங்கிப் பாதியாகிவிடும். எங்கே குளிர் அதிகமோ அங்கேதான் கதகதப்பு குறையும், மிதப்பும் அங்கேதான் போகும். அந்தமானில் 4 கிலோ ஈயம் கட்டியவர் இங்கே 10, 12 கிலோ கட்டுவீர்கள், மேலே கனகச்சிதமாக இருந்த அந்த எடை கீழே உங்களைக் கல் மாதிரி இழுக்கும். பிசிடியில், அதாவது மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையில், காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ஏறும்போது அதே காற்று விரிந்து மேலே தூக்கி எறியப் பார்க்கும். 19 டைவில் இது கைக்கு வந்திருக்காது, எனக்கும் அத்தனை டைவில் வரவில்லை.

குளிர்ரத்தம்:

துடுப்பு அண்ணன் ரொம்பப் பயமுறுத்துகிறார். நான் 24வது டைவிலேயே அந்தப் பக்கம் 7 மில்லிமீட்டரோடு போய் வந்தேன், உயிரோடுதான் இருக்கிறேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மேலே 8, 10 மீட்டர் வரை பச்சைக் கலங்கல், அதைத் தாண்டியதும் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது, ஆனால் வெளிச்சம் இல்லை, மாலை ஆறரை மணிக்குத் தெருவிளக்கு போடுவதற்கு முன் இருக்குமே அந்த மாதிரி. 28 மீட்டர் ஆழத்தில் காற்று மீட்டரைப் பார்த்தேன், எண் தெரிந்தது, அது நிறையவா கொஞ்சமா என்றுதான் புரியவில்லை. மூன்று தடவை பார்த்தேன். ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கம் என்றால் சிரிப்பு வரும் என்று வகுப்பில் சொன்னார்கள், எனக்கு மந்தம்தான் வந்தது. கூட வந்தவர் பார்த்துக் மேலே போவோம் என்று கட்டைவிரலைக் காட்டினார், 5 மீட்டர் ஏறியதும் மண்டை தெளிந்துவிட்டது. அந்தமானில் இதே ஆழத்தில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. குளிரும் இருட்டும் சேர்ந்தால் கதையே வேறு போல.

அந்தப் படகில் ஏறும்போது கார்டை மட்டும்தான் பார்த்தார்கள், குளிர்நீரில் எத்தனை டைவ் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

சங்குகுளி பேரன்:

எங்கள் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். கடலடிப் பாறைத்திட்டை எங்கள் ஊரில் 'பார்' என்போம், ஒரு பாரில் பத்துத் தடவை இறங்கினால்தான் அது நமக்குப் பழக்கம் என்பார். உங்களுக்கு இந்தக் கடலே இன்னும் பழக்கமில்லை.

படத்தில் பார்த்த ஊதா சமாச்சாரம் ஹைட்ரோகோரல், பார்க்கத்தான் பவளம் மாதிரி, இனம் வேறு. ரொம்ப மெதுவாக வளரும், கால் துடுப்பு பட்டாலே முறியும். மிதப்பை இன்னும் சரிவரப் பிடிக்கத் தெரியாத ஒருத்தர் அதன் பக்கத்தில் போகாமல் இருப்பது அதற்கும் நல்லது. அந்த இடம் 2007லிருந்து மீன்பிடிக்கவே கூடாத காப்பகம்.

முதலில் மான்டரே பிரேக்வாட்டரில் (அலைத்தடுப்புச் சுவர் பக்கம்) கரையிலிருந்து இறங்குங்கள். 15 மீட்டருக்குள்தான், ஆனாலும் அதே குளிர், அதே கெல்ப். அது தென்னை உயரத்துக்கு நிற்கும் பாசிக்காடு. காலில் சுற்றினால் திரும்பித் திரும்பிப் பார்த்து இழுக்காதீர்கள், இன்னும் சுற்றிக்கொள்ளும். நின்று, கையால் மடக்கினால் பட்டென்று ஒடியும். மேலே வரும்போது கொஞ்சம் காற்று மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கெல்ப் விரிப்பின் மேல் தவழ்ந்துதான் படகுக்கோ கரைக்கோ போக வேண்டியிருக்கும். அடுத்தது பாயின்ட் லோபோஸ், முன்பதிவு செய்துகொண்டு அங்கே வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவில் இறங்கலாம். 1960லிருந்தே காக்கப்படும் கடல், லிங்காட் மீன் எல்லாம் நம்மைக் கண்டு நகரக்கூட நகராது.

மோனஸ்டரி பீச் பக்கம் மட்டும் இப்போதைக்குத் தலை வைக்காதீர்கள். செங்குத்தான கரை, கால் புதையும் பருமணல், அலை புரட்டிவிடும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் பிணவறை பீச்.

ஹேவ்லாக் ரிட்டர்ன்:

எல்லோருக்கும் நன்றி. 12 நிமிடம் என்ற கணக்கை மனைவியிடம் காட்டியது தப்பாகப் போய்விட்டது, "பன்னிரண்டு நிமிஷத்துக்கா இவ்வளவு செலவு" என்கிறாள். அக்டோபர் படகு வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பிரேக்வாட்டருக்குத் தானே கூட வருவதாகச் சொல்கிறார். டிரை சூட் வகுப்பு இப்போதே எடுக்கலாமா, முதலில் 7 மில்லிமீட்டரில் பழகலாமா?

பழைய துடுப்பு:

இந்த ஊரில் தொடர்ந்து டைவ் செய்வதாக இருந்தால் டிரை சூட்டிலேயே தொடங்குங்கள், ஒன்றைப் பழகி மறந்து இன்னொன்றைப் பழகும் வேலை மிச்சம். முதல் நாலைந்து டைவ் ஆழம் வேண்டாம், சூட்டுக்குள் இருக்கும் காற்று காலுக்குப் போனால் தலைகீழாகத் தூக்கும், அதை 6 மீட்டரில் பழகுவது சுலபம். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) குளிர்நீருக்கு ஏற்றதா என்று வாடகைக் கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். பிசிடிக்கோ சூட்டுக்கோ காற்று விடும்போது விட்டு விட்டு அழுத்துங்கள், அந்த நேரத்தில் மூச்சை இழுக்காதீர்கள், குளிரில் இரண்டும் சேர்ந்தால் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்ட ஆரம்பித்துவிடும். ஹுட்டை (தலையுறையை) வீட்டிலேயே ஒரு அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், கழுத்தைப் பிடிப்பது முதல் தடவை தண்ணீரில் தெரிய வேண்டாம்.