மெட்டாபிளேசியாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘திரிபு’ பொருந்துமா?

அன்புடையீர்,

செவிலிய மாணவர்களுக்கான இரைப்பைப் புற்றுநோய்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘நாள்பட்ட அழற்சி’ வரை தடையில்லை. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி ஆண்டுக்கணக்கில் இரைப்பையில் தங்கினால் அழற்சி ஓயாது, வெள்ளணுக்கள் வெளிவிடும் வேதிப்பொருள்கள் செல்களின் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன, சுரப்பிகள் தேய்கின்றன, பிறகு இரைப்பைப் படலத்தில் குடலுக்குரிய செல்கள் உருவாகின்றன. இந்த மெட்டாபிளேசியாவையும் அதன்பின் வரக்கூடிய, செல்களின் ஒழுங்கு குலையும் டிஸ்பிளேசியாவையும் பிரித்துக் காட்டச் சொற்கள் வேண்டும். ‘திசு மாற்றம்’ இரண்டுக்கும் பொருந்துவதால் பயனில்லை.

*

ஐயா,

தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் வகுத்த மூன்று விகாரங்கள் இருக்க, வெளியே தேடுவானேன்? பொன்+குடம் பொற்குடமாகும்போது னகரத்தின் இடத்தில் வரும் றகரமும் முறையான எழுத்தே, இடம்தான் வேறு. இங்கும் வந்து சேர்வது குடலில் இருந்தால் இயல்பாகக் கருதப்படும் செல்லே. ஆகவே அது ‘திரிபு’. சுரப்பித் தேய்வைக் ‘கெடுதல்’ என்றும் கட்டியாகும் புத்துவளர்ச்சியைத் (நியோபிளேசியா) ‘தோன்றல்’ என்றும் சொன்னால் நோயின் வரிசை முழுவதும் நம் இலக்கணத்திலேயே அடங்கிவிடும். டிஸ்பிளேசியாவில் செல்லின் வடிவமும் அடுக்கும் குலைவதால் அதற்குப் ‘பிறழ்வு’ தகும். ‘திசு’ வெறும் ஒலிபெயர்ப்பு. இலங்கைப் பாடநூல்களைப் போல ‘இழையம்’ என்று கொண்டு, ‘இழையத் திரிபு’ என எழுதலாம்.

*

நண்பர்களுக்கு வணக்கம்.

‘பிறழ்வு’ எனக்கு உடன்பாடு, ‘திரிபு’ உடன்பாடில்லை. பால் திரிந்தது என்றால் கெட்டது என்றுதான் மக்கள் கொள்வார்கள். இரைப்பை அமிலம் மேலேறி மேலேறி, உணவுக்குழாயின் அடியில் தட்டைச் செல்கள் இருந்த இடத்தில் தூண் வடிவச் செல்கள் வரும் பேரட் நிலையும் மெட்டாபிளேசியாவே. அந்நிலை உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அவர்கள் கையில் ‘திரிபு’ என்ற அறிக்கையைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. ‘செல்வகை மாற்றம்’ போதும்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று: நாள்பட்ட அழற்சி எங்கும் இதே வழியில் செல்வதில்லை. பெருங்குடல் புண் அழற்சியில் மெட்டாபிளேசியாப் படி இல்லாமலே பிறழ்வு தோன்றலாம். ஒரே அம்புக்குறிப் படத்தைச் செரிமான மண்டலம் முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள்.

*

அன்புடையீர்,

படத்தை இரைப்பைக்கு மட்டும் என்று குறித்துவிட்டேன். பெரும்பான்மையோர் கருத்துப்படி ‘செல்வகை மாற்றம்’, ‘பிறழ்வு’ என்றே அச்சுக்குப் போகும்.

*

ஐயா,

அச்சாகட்டும், என் மறுப்பும் பதிவாகட்டும். ‘செல்வகை மாற்றம்’ விளக்கமேயன்றிப் பெயரன்று. ‘திரிந்த படலம்’, ‘திரியாத பகுதி’ என நான் எழுதக்கூடியதை அதைக்கொண்டு எப்படி எழுதுவீர்கள்?