இம்பாஸ்டோ: தடிப்பூச்சா, அப்புவண்ணமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய் வண்ணத்தைத் தூரிகைத் தடம் தெரியும்படி தடிப்பாக வைத்து வரைவது இம்பாஸ்டோ. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ‘தடிப்பூச்சு’, ‘சுதைப்பூச்சு’, ‘பிசைவண்ணம்’ என்ற மூன்றும் வந்து, ‘தடிப்பூச்சு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில் குறுக்கே வருகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. எங்கள் வீட்டுச் சுவரும் தடிப்பூச்சுதான். சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெண்கரு கலந்த கடைசிப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக்கியிருக்கிறார்கள். கரண்டித் தடம் தெரிந்தால் கொத்தனாருக்கு அவமானம். இம்பாஸ்டோவிலோ அந்தத் தடம்தான் வேண்டும். ஓவியர் வான்கோ 1888இல் வரைந்த சூரியகாந்திகளில் தூரிகை போன வழி மேடும் பள்ளமுமாக நிற்கிறது. தடிமன் பாதிச் செய்திதான்.

‘சுதைப்பூச்சு’ வேண்டாம். சுதை என்றால் சுண்ணாம்பு. எங்கள் ஊர் வீட்டு முகப்புகளில் சுதை லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சொல்லைப் படிப்பவர் ஓவியம் வரையும் கித்தான் துணியிலும் சுண்ணாம்பைத் தேடுவார்.

‘பிசைவண்ணம்’ மூலத்துக்கு நெருக்கமானது. அந்த இத்தாலியச் சொல்லுக்குள் பிசைந்த மாவு இருப்பது உண்மை. ஆனால் கித்தானில் போட்டுப் பிசைந்தால் நிறங்கள் கலந்து சேறாகிவிடும். பட்டவள் சொல்கிறேன்.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் ஒரு பித்தளைச் செம்பு, பக்கத்தில் ஊறுகாய் ஜாடி. இதுதான் என் முதல் எண்ணெய் ஓவியம். செம்பின் கழுத்தில் வெளிச்சம் விழுந்த இடத்துக்கு வெள்ளையில் துளி மஞ்சள் சேர்த்துத் தூரிகையால் இழுத்துக்கொண்டே இருந்தேன். பளபளப்பு வரவே இல்லை. வகுப்பெடுக்கும் டிராயிங் மாஸ்டர், “அப்புங்கள் ஆச்சி, தடவாதீர்கள்” என்றார். வண்ணம் எடுக்கும் கத்தியில் அள்ளி (அதைக் கத்தி என்பதும் எனக்குச் சம்மதமில்லை, எதையும் வெட்டாத அது கொத்தனார் கரண்டியின் பேத்தி) ஒரே அப்பாக அப்பிவிட்டுக் கையை எடுத்தேன். வண்ணத்தின் விளிம்பே அறை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. புளி போட்டுத் துலக்கிய செம்பு!

ஆகவே என் பரிந்துரை ‘அப்புவண்ணம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அடுத்து வருவது வகரம் என்பதால் ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் இல்லை. ‘அப்பு’ என்றால் நீர் ஆயிற்றே என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். அந்தப் பொருளும் உண்டு. ஆனால் சந்தனத்தை அப்பினாள் என்று படிக்கும்போது யாருக்கும் தண்ணீர் நினைவுக்கு வருவதில்லை.

வினைத்தொகை இங்கே பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆளி விதை எண்ணெய் நீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. தடித்த இடத்தில் மேலே ஆடை கட்டிய பிறகும் உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும். இது தெரியாமல் பத்தாம் நாள் விரலை வைத்தேன். ஆடை கிழிந்து, என் கட்டைவிரல் ரேகையோடு நிற்கிறது செம்பு. அப்பிய வண்ணம், அப்புகின்ற வண்ணம், அப்பும் வண்ணம் என மூன்று காலமும் ஒளிந்திருக்கும் தொகை இந்த ஆறாத வண்ணத்துக்கு ஏற்றதுதானே?

இதற்கு நேரெதிரான ‘கிளேஸ்’ பாக்கி இருக்கிறது. அடியில் உள்ள நிறம் தெரியும்படி மெல்லிதாகப் பூசுவது. ‘தடவுவண்ணம்’ என்று இணையாக வைத்துப் பார்த்தேன். ஒளி ஊடுருவுவது அதில் வரவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?