எங்கள் ஊரில் ‘ஏங்கிப்போதல்’ என்றால் பயம்

இலங்கையின் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானிலிருந்து:

சென்ற மாரியில் ஓர் இரவு யானை வேலியருகே வந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் யானைவெடி கொளுத்தினார். என் நான்கு வயது மகன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். அழவில்லை, கூப்பிடவில்லை, கண் மட்டும் விரிந்து நின்றது. கை குளிர்ந்திருந்தது. “பிள்ளை ஏங்கிப்போனான், தண்ணீர் கொண்டு வா” என்று சொல்லி அம்மம்மா திருநீறு பூசினார். மறுநாள் பார்வை பார்த்து நூலும் கட்டுவித்தார்.

இதைச் சென்னையிலுள்ள தோழிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “யாரை நினைத்து ஏங்குகிறான் அக்கா? அப்பா வெளியூரிலா?” என்று கேட்டாள். கிடைக்காததை நினைத்து ஏங்குவது எங்களிடமும் உண்டு. ஆனால் ‘ஏங்கிப்போனான்’ என்றால், அச்சத்தில் உயிர் ஒருகணம் உறைந்தது என்றே வன்னியில் எவருக்கும் விளங்கும். வெருளுதல் வேறு: வெருண்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஏங்கியவருக்குக் கால் எழாது. தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகச் சொல்கிறது. எங்கள் வேலியில் நின்றது இரண்டாவது.

விசுவமடுவிலிருந்து:

பதகளிப்பையும், அதாவது மனம் பதறித் தவிப்பதையும், சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏங்கினால் உடல் நின்றுவிடும். பதகளிப்பு நிற்கவே விடாது. 2009 தை மாதம், கிபிர் போர்விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழி இருட்டில் அம்மா எங்கள் தலைகளைத் தடவித் தடவி எண்ணுவார். நால்வரும் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இன்று என் மகள் பாடசாலை விட்டு வரப் பத்து நிமிடம் பிந்தினால், நான் வாசல் படலைக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:

போருக்குப் பின் ஒரு கேள்வித்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பினேன். ‘பயம்’, ‘கவலை’ என்று அதில் இரண்டு கட்டங்கள். ஒரு முதிய தாய், “பயமென்று சொல்லமாட்டேன் பிள்ளை, ஏங்கியபடிதான் இருக்கிறேன்” என்றார். மகனை இழந்தவர் என்பதால் ‘கவலை’யில் குறித்துவிட்டேன். நான் புறப்படும்போது காற்றில் தகரப் படலை அடித்தது. அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட அவரால் முடியவில்லை. திரும்பி வந்து அவரருகே உட்கார்ந்தேன். அந்தக் குறியை வெட்டிவிட்டு, அவர் சொன்ன சொல்லையே ஓரத்தில் எழுதினேன்.