அமெரிக்காவில் பிசினஸ் டெக்னாலஜி அசோசியேட் டிகிரி: எந்த வேலைக்குப் போகலாம்?

கேள்வி: மேசைவிளக்கு
வணக்கம். கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் டெக்னாலஜி ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைட் சயின்ஸ்), மொத்தம் 60 கிரெடிட், அடுத்த செமஸ்டரோடு முடிகிறது. எக்செல், குவிக்புக்ஸ் (கணக்கு மென்பொருள்), பிசினஸ் கம்யூனிகேஷன், ஆபீஸ் நடைமுறை, கொஞ்சம் அக்சஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்), இவைதான் பாடங்கள். வேலைத் தளங்களில் "பிசினஸ் டெக்னாலஜி" என்று தேடினால் பேச்சலர்ஸ் கேட்கும் அனலிஸ்ட் வேலைகளாகவே வருகின்றன. இந்தப் படிப்புக்கு நிஜமாகவே என்ன வேலை இருக்கிறது? சர்ட்டிபிகேட் ஏதாவது எடுக்க வேண்டுமா? பிறகு பேச்சலர்ஸ் சேரும் எண்ணமும் உண்டு.

பதில்: பேரேடு
முதல்ல தேடுற சொல்லை மாத்துங்க. டிகிரி பேர்ல யாரும் ஆள் எடுக்க மாட்டாங்க. பேரோல் (சம்பளக் கணக்கு) ஸ்பெஷலிஸ்ட், அக்கவுண்ட்ஸ் பேயபிள் கிளார்க் (கம்பெனி கட்ட வேண்டிய பில்களைப் பார்க்கிறவர்), புக்கீப்பர், பில்லிங், அட்மினிஸ்ட்ரேட்டிவ் அசிஸ்டென்ட், ஆபீஸ் கோஆர்டினேட்டர்னு தேடுங்க. பெடரல் அரசு வேலைன்னா யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்துல ஜிஎஸ்-4ங்கிற சம்பள கிரேடு. பள்ளிக்கு மேல இரண்டு வருஷப் படிப்பு பல கிளார்க் பதவிகளுக்கு அந்த கிரேடுல செல்லும்.

என் ஓட்டு பேரோலுக்கு. அங்க சட்டமும் கெடுவும் தெரிஞ்ச ஆளுக்குத்தான் மதிப்பு, டிகிரி அப்புறம்தான். புது ஆள் சேர்ந்தா ஐ-9 படிவத்துல (வேலை செய்ய அனுமதி இருக்கான்னு சரிபார்க்கிறது) முதலாளி நிரப்புற பகுதியை, வேலை தொடங்கின நாளுக்கு அப்புறம் 3 வேலைநாளுக்குள்ள முடிக்கணும். சோஷியல் செக்யூரிட்டிக்கு (அரசு ஓய்வூதியம்) 6.2%, மெடிகேருக்கு (முதியோர் மருத்துவக் காப்பீடு) 1.45% ஊழியர்கிட்ட பிடிச்சு, அதே அளவு முதலாளி பங்கும் சேர்த்துக் கட்டணும். இந்த வரிக் கணக்கைக் காட்ட காலாண்டுக்கு ஒரு 941 படிவம். ஜனவரி 31க்குள்ள டபிள்யூ-2, அதாவது போன வருஷச் சம்பளமும் பிடித்தமும் காட்டுற படிவம்.

புதுசா வர்றவங்க சறுக்குற இடம் இரண்டு. ஒண்ணு, ஓவர்டைம். இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம்னு வைங்க: முதல் வாரம் 46 மணி, அடுத்த வாரம் 34. கூட்டினா 80, அதனால ஓவர்டைம் இல்லைன்னு விட்டுடறாங்க. பொது விதிப்படி ஒவ்வொரு வாரத்தையும் தனியாத்தான் பார்க்கணும், வாரம் 40 மணிக்கு மேல போனா ஓவர்டைம். அந்த 6 மணிக்கு ஒன்றரை மடங்கு. இன்னொண்ணு, ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போற வழக்கமான 401(கே) பிடித்தம். அது வருமான வரிக்கான சம்பளத்தைக் குறைக்கும், சோஷியல் செக்யூரிட்டிக்கான சம்பளத்தைக் குறைக்காது. அதனாலதான் பலரோட டபிள்யூ-2ல 1ஆம் கட்டத்தைவிட (வருமான வரிக்கான சம்பளம்) 3ஆம் கட்டம் (சோஷியல் செக்யூரிட்டிக்கான சம்பளம்) பெருசா இருக்கு. "தப்பா வந்திருக்கு"ன்னு ஜனவரி கடைசியில வரிசையா போன் வரும். இண்டர்வியூவுல இதை விளக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சர்ட்டிபிகேட்ல எஃப்பிசி (பேரோலுக்கான அடிப்படைச் சர்ட்டிபிகேட்) போதும், அனுபவம் கேட்காம எழுத விடுறாங்க. ஏஐபிபிங்கிற புக்கீப்பர் அமைப்பு தர்ற சர்ட்டிஃபைட் புக்கீப்பர் பட்டத்துக்கு இரண்டு வருஷ அனுபவம் வேணும், இப்ப அவசரம் இல்லை.

பதில்: பிவட்
மேலே சொன்னதோடு ஒன்று. இந்த வேலைகள் பலவற்றுக்கு எக்செல் தேர்வு வைப்பார்கள். ஃபார்முலா மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்கூட அழுக்கு டேட்டாவில் விழுவார்கள். சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த டேட்டா) இரட்டை கிளிக் செய்து திறந்தால் 07030 என்ற ஜிப் கோடு 7030 ஆகிவிடும். எக்செலில் உள்ள பவர் குவெரி (டேட்டாவை ஏற்றிச் சுத்தம் செய்யும் கருவி) வழியாக ஏற்றி அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். விலுக்கப்பில் (அட்டவணையில் தேடி எடுக்கும் ஃபார்முலா) நான்காவது இடத்தைக் காலியாக விட்டால் தோராயமான பொருத்தம்தான் தேடும். பிழை எதுவும் காட்டாமல் தவறான தொகையை எடுத்து வைக்கும். ஃபால்ஸ் என்று போடுங்கள், அல்லது எக்ஸ்லுக்கப் பயன்படுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் பொருந்தவில்லையா, வால்பக்கம் ஸ்பேஸ் இருக்கும்: டிரிம் ஃபார்முலா அதை நீக்கும்.

ரெஸ்யூமேயில் "எக்செல் தெரியும்" என்பதை எடுத்துவிட்டு, "பிவட் டேபிள் (டேட்டாவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), பவர் குவெரி, வங்கிக் கணக்கு ஒப்பீடு" என்று எழுதுங்கள்.

பதில்: டிக்கெட்_க்ளோஸ்டு
கணக்குப் பக்கம் பிடிக்கவில்லை என்றால் ஹெல்ப் டெஸ்க். காம்ப்டியா ஏ+ என்ற அடிப்படை ஐடி சர்ட்டிபிகேட் எடுக்க இரண்டு தாள், இரண்டும் தேறினால்தான் சர்ட்டிபிகேட். வேலை என்னவோ பாஸ்வேர்ட், பிரிண்டர், விபிஎன்தான். ஆனால் காரணம் தேடத் தெரிய வேண்டும். ஒருவர் பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு அக்கவுண்ட் திரும்பத் திரும்ப லாக் ஆகிறது என்றால், அன்லாக் செய்து டிக்கெட்டை மூடாதீர்கள். பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அவர் போனில் இருக்கும் மெயில் செயலி முட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மேசைவிளக்கு
ரொம்ப நன்றி. பேரோல் பக்கமே சாய்கிறேன். எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவருக்கும் இதே வழிதானா? உடன் படிக்கும் தோழிக்காகக் கேட்கிறேன்.

பதில்: நடுவழி
இல்லை. அசோசியேட் டிகிரிக்கும் 12 மாதம் வரை ஓபிடி (மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதி) உண்டு. வேலை படிப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு இந்த டிகிரி போதாது. எச்-1பி (வேலை) விசாவுக்குக் குறைந்தது பேச்சலர்ஸ் அல்லது அதற்குச் சமமான தகுதி, அதுவும் வேலையே அந்தப் படிப்பைக் கேட்பதாக இருக்க வேண்டும். பேரோல் கிளார்க் பதவி அதில் தேறாது. பேச்சலர்ஸ் முடித்தால் அந்த நிலைக்கு இன்னொரு 12 மாத ஓபிடி கிடைக்கும் என்பதால், தோழி நேராகப் படிப்பைத் தொடர்வதே மேல்.

உங்களுக்கும் ஒன்று. ஏ.ஏ.எஸ். வேலைக்கென்றே அமைத்த படிப்பு. குவிக்புக்ஸ், ஆபீஸ் நடைமுறை மாதிரிப் பாடங்களைப் பல பல்கலைக்கழகங்கள் பேச்சலர்ஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, எடுத்தாலும் எலெக்டிவ் என்று ஒதுக்கிவிடும். பி.ஏ.எஸ். (பேச்சலர் ஆஃப் அப்ளைட் சயின்ஸ்) என்ற பேச்சலர்ஸ் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். இந்த கிரெடிட்டுகளை மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளத்தான் அந்தப் படிப்பே இருக்கிறது. கடைசி செமஸ்டரில் எலெக்டிவ் இடம் மிச்சமிருந்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலான இடங்களில் செல்லும். எந்தப் பாடம் செல்லும் என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். இப்போது படிக்கும் காலேஜ் ஆலோசகர் வாய்வார்த்தையாகச் சொல்வது அங்கே எடுபடாது.