ரொறன்ரோவிலிருந்து முல்லைத்தீவுக்கு எத்தனை மணித்தியாலம்?

முள்ளியவளையான்: வணக்கம். நான் அண்மையில்தான் கனடாவுக்கு வந்தேன். முல்லைத்தீவில் அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். கொழும்புக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ அண்ணா: தம்பி, வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், நேரடி விமானம் கிடையாது. ஆனால் வந்த கையோடு திரும்பிப் போவது நல்லதென்று எனக்குப் படவில்லை. நாங்கள் வந்த முதற் பனிக்காலத்தில் நிலக்கீழ் அறையில் நான்கு பேராகப் படுத்து, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, ஊரில் நடந்த செத்தவீடுகளைத் தொலைபேசியிலேயே கேட்டு அழுதோம். அந்தக் காசை அம்மாவின் மருந்துக்கு அனுப்புங்கள்.

வட்டக்கச்சி மகள்: அண்ணா, அவர் கேட்டது அதுவல்ல. தம்பி, லண்டன் வழியாக வாருங்கள். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு ஏழு மணித்தியாலம், அங்கிருந்து கொழும்புக்கு நேரடியாகப் பதினொன்று.

நெடுங்கேணியான்: இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் மாறுவதற்கு இடைவழி விசா வேண்டுமா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். சென்னைக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் பறந்தால், ஊர் மூன்று மணித்தியால ஓட்டத்தில் வந்துவிடும்.

வட்டக்கச்சி மகள்: அதற்கு இந்திய விசாவை யார் எடுத்துக் கொடுப்பது? பலாலிக்கு வருவது சிறிய விமானம். பெட்டிகளை என்ன செய்வது?

ஸ்கார்பரோ அண்ணா: இவ்வளவு தமிழர் வாழும் நகரத்திலிருந்து ஒரு நேரடி விமானம் விட ஒருவருக்கும் மனமில்லை. பள்ளி விடுமுறையிலும் மார்கழியிலும் விலையை மட்டும் ஏற்றத் தெரியும்.

மாங்குளம் வான்காரர்: விலைக் கதையைப் பிறகு பேசலாம். தம்பி, டுபாய்க்குப் பதின்மூன்று மணித்தியாலம், அங்கிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு நாலரை. நடுவில் காத்திருப்பு வேறு. இறங்கியதும் கொழும்புக்குள் போகாமல் நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வந்து, மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் முல்லைத்தீவு. தரைவழியே வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டுமென்று வீட்டார் சொல்வார்கள். அது மாங்குளத்துக்கு வடக்கே இருப்பதால் இந்தப் பயணத்தில் வேண்டாம். திங்கள் இரவு புறப்பட்டால் புதன் நண்பகலில் அம்மாவைப் பார்க்கலாம். அங்கே கோடைகாலமென்றால் நமது நேரம் ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது. வந்து சேரும் நேரத்தைக் கணக்கிடும்போது இதைக் கவனியுங்கள்.

நெடுங்கேணியான்: எல்லாவற்றுக்கும் முன், நீங்கள் எந்த வதிவிட நிலையில் இருக்கிறீர்கள்? அகதிக் கோரிக்கையாளராக இருந்தால் ஊருக்குப் போவதே கோரிக்கையைக் கெடுத்துவிடும். கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகும் அந்த ஆபத்து இருக்கிறது.

முள்ளியவளையான்: மனைவியின் பொறுப்பில் நிரந்தர வதிவிடம் கிடைத்து வந்தேன். அட்டை இன்னும் தபாலில் வரவில்லை.

நெடுங்கேணியான்: அப்படியானால் போவதற்குத் தடையில்லை, திரும்பி வருவதுதான் சிக்கல். அட்டை இல்லாதவரைக் கனடாவுக்கு வரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்; ஊரிலிருந்தே வதிவிடப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். வைத்தியசாலையின் கடிதத்தை ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை இணைத்து, அட்டையை அவசரமாகத் தரும்படி இன்றே கேளுங்கள். வேலையிடத்தில் கூடுதல் நாட்களுக்கு விடுப்புக் கேட்டுவிட்டு, திரும்பும் திகதியை மாற்றக்கூடிய பயணச்சீட்டாக வாங்குங்கள்.

மாங்குளம் வான்காரர்: விமான இலக்கத்தை அனுப்புங்கள், தம்பி. புதன் அதிகாலை வாசலில் நிற்பேன்.