மிஷன் பங்களா கரண்டிகளின் முத்திரையைப் படித்துச் சொல்ல முடியுமா?

நெய்யூர் பேத்தி:
என் பாட்டியின் அப்பா நெய்யூர் மிஷன் பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். அங்கிருந்த குடும்பம் ஊர் திரும்பும்போது கொடுத்த ஆறு பெரிய கரண்டிகளும் ஒரு தேக்கரண்டியும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. போன வாரம் நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். கேட்காமலேயே ஒன்றை அரத்தால் உரசிவிட்டு, "எல்லாம் ஜெர்மன் சில்வர், எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பெரிய கரண்டியின் காம்புக்குப் பின்னால் ஒரு சிறு கொடி, அதற்குள் டபிள்யூ, ஹெச்; பக்கத்தில் தனித்தனிக் கட்டங்களில் ஈ, பி, என், எஸ். தேக்கரண்டியில் வேறு மாதிரி: நடக்கும் சிங்கம், நங்கூரம், தேய்ந்த ஓர் எழுத்து, ஒரு தலை. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தே பாதி போய்விட்டது. எது வெள்ளி?

தக்கலைத் தம்பி:
அக்கா, ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

வடசேரி ஆசாரி:
தம்பி, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ஆசிட் விட்ட இடம் மறுபடி பழையபடி ஆகாது. முத்திரையே எல்லாவற்றையும் சொல்லும்போது எதற்கு?

மகளே, கடைக்காரர் பெரிய கரண்டிகளைப் பற்றிச் சொன்னது சரி. அந்த நான்கு எழுத்துகளுக்கு, நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று பொருள். ஜெர்மன் சில்வர் என்பதும் இந்த நிக்கல் சில்வர்தான்; செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த உலோகம். வெள்ளி மேல்தோலில் மட்டும்தான். கொடி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து வாக்கர் அண்ட் ஹால் கம்பெனியுடையது. முலாம்காரர்கள் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடித்ததால், தூரத்திலிருந்து பார்க்க அசல் வெள்ளி முத்திரை போலவே இருக்கும். கரண்டிக் குழியின் மேசையில் உரசும் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும்.

தேக்கரண்டியை மட்டும் யாருக்கும் எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு அடிப்பது. நங்கூரம், வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைச் சாலையைக் குறிக்கும். தலை அப்போது ஆண்ட அரசர் அல்லது அரசியுடையது; வரி கட்டியதற்கான அடையாளம். அதை 1784 முதல் 1890 வரைதான் அடித்தார்கள். எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஆனால் எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும்; அதன் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேய்ந்த முத்திரைக்கு நான் செய்வது இது: மெழுகுவர்த்திப் புகையை அதன்மேல் படியவிட்டு, ஆறியதும் செல்லோ டேப்பை ஒட்டி மெதுவாக உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத கோடும் தாளில் தெரியும். இனிமேல் புளியைத் தொடாதீர்கள்.

சந்தேகம் தீர இன்னொன்று: நகைத் தராசில் எடை பாருங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால், 92.5 வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். ஜெர்மன் சில்வருக்கு 8.7 பக்கம்.

நெய்யூர் பேத்தி:
மாமா, செய்துவிட்டேன். தேக்கரண்டி 22.8 கிராம், தண்ணீரில் காட்டியது 2.2. வகுத்தால் 10.36! பெரியது 70, தண்ணீரில் 8. டேப்பில் தலை தெளிவாக விழுந்தது. ஒரு பெண், கொண்டை போட்டிருக்கிறாள். எழுத்து மட்டும் பிடிபடவில்லை, ஒரு வளைவுதான் தெரிகிறது.

வடசேரி ஆசாரி:
பெண் தலை என்றால் விக்டோரியா. அவர் பட்டத்துக்கு வந்தது 1837. ஆகவே கரண்டி அதற்கும் 1890க்கும் இடையில் முத்திரை வாங்கியது. அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், வளைவைப் பார்த்துச் சொல்கிறேன். பெரிய கரண்டிகளையும் விற்காதீர்கள் மகளே. கொடி அழியாமல் இருக்கிறதே.

நெய்யூர் பேத்தி:
விற்க மாட்டேன். ஏழு கரண்டிகளையும் துணியில் சுற்றி பாட்டியின் பெட்டியில் வைத்துவிட்டேன். நாளைக் காலை வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.