மாற்று அட்டவணைப்படி எடுத்த பச்சை நூல்கள் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். எம்பிராய்டரியில் இலைக்கொத்து ஒன்றை, நீளமும் குட்டையுமாகத் தையல் போட்டு நிறங்களை ஒன்றோடொன்று கலக்கும் லாங் அண்ட் ஷார்ட் தையலில் போட்டுக்கொண்டிருக்கிறேன். டிசைனில் கொடுத்திருப்பது டி.எம்.சி. என்ற நிறுவனத்தின் நூல் எண்கள்: 3345, 3346, 3347, 3348. கையில் இருப்பது ஆங்கர் என்ற வேறு நிறுவனத்து நூல் என்பதால், ஒரு நிறுவனத்தின் எண்ணுக்கு மற்றதில் எது இணை என்று காட்டும் மாற்று அட்டவணையைப் பார்த்து நான்குக்கும் இணையான எண்களை எடுத்தேன். இரண்டாவது பச்சை முடிந்து மூன்றாவது தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் தெரிகிறது. பகலில் அவ்வளவாக உறுத்தவில்லை. இரவில் விளக்கைப் போட்டால் அந்த மூன்றாவது நூல் மட்டும் நீலம் பாரித்து நிற்கிறது. இன்னொரு அட்டவணையில் பார்த்தால் அதே எண்ணுக்கு வேறு எண் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1

தோழி, இரண்டு அட்டவணையுமே பொய் சொல்லவில்லை. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகச் சாயம் கலக்கின்றன. ஒன்றின் நிறம் மற்றொன்றில் அச்சாக அப்படியே கிடைப்பது அபூர்வம், அதனால் அட்டவணை போடுகிறவர் தன் கண்ணுக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதை எழுதிவிடுவார். ஒற்றைப் பூவுக்கு ஒற்றை நிறம் என்றால் இது போதும். நிறத்தைப் படிப்படியாக இறக்கும் ஷேடிங்கில்தான் சிக்கல். நான்கு நூலும் ஆளுக்கொரு திசையில் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கும். ஒன்று மஞ்சள் பக்கம், ஒன்று நீலப் பக்கம். தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் சரி, வரிசையாக வைத்தால் படி உடைந்துவிடும்.

நீங்கள் சொன்ன டி.எம்.சி. வரிசை வெளிற வெளிற மஞ்சள் பக்கம் சாய்கிற பச்சை. அதன் நடுவே நீலம் பாரித்த நூல் வந்தால் வெட்டத்தான் செய்யும். எண்ணுக்கு எண் தேடுவதை விட்டுவிடுங்கள். அடர்பச்சை ஒன்றை மட்டும் பொருத்தி, மீதி மூன்றையும் ஆங்கர் ஷேட் கார்டில் (எல்லா நிற நூலையும் வரிசையாக ஒட்டிய அட்டை) அதே நிறக் குடும்பத்து வரிசையிலிருந்து எடுங்கள். டிசைனில் இருக்கும் அதே பச்சை வராது, ஆனால் இலை இலையாக இருக்கும்.

எண் அடுத்தடுத்து இருப்பதால் நிறமும் அடுத்தடுத்து இருக்கும் என்று நினைக்கவேண்டாம். டி.எம்.சி.யிலேயே ஒரு பச்சைக் குடும்பம் அடர்விலிருந்து வெளிறியது வரை 890, 319, 367, 320, 368, 369 என்று போகிறது. கார்டின் வரிசைதான் கணக்கு.

பதில் 2

நூலை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்துபாருங்கள். துணி மாட்டிய வளையத்தைக் கால்வட்டம் திருப்புங்கள். இந்தப் பருத்தி நூலுக்குப் பளபளப்பு உண்டு, தையல் ஓடும் திசையைப் பொறுத்து ஒரே நூலே அடர்ந்தும் வெளிறியும் தெரியும். திருப்பியதும் கோடு மறைந்தால் குற்றம் தையல் திசையில். மறையாவிட்டால் நிறத்தில்.

இரவில் நீலம் தட்டுவதற்குக் காரணம் விளக்கு. இரண்டு நூலின் சாயக்கலவை வேறுவேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிறவை இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அதனால் நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் ஒருமுறை, முடித்த வேலையை மாட்டப்போகிற அறையின் விளக்கில் ஒருமுறை, இரண்டிலும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவள் நான். இரண்டிலும் தேறாத நூலைத் தொடமாட்டேன்.

கேட்டவர்

நன்றி அக்கா. திருப்பிப் பார்த்தேன், கோடு அப்படியே இருக்கிறது. என்னிடம் நூல் ஒட்டிய கார்டு கிடையாது, போனில்தான் சார்ட் பார்க்கிறேன். அதில் எடுத்தால் சரிவருமா?

பதில் 3

குடும்பம் எது, அதில் என்னென்ன எண்கள் என்று தெரிந்துகொள்ளப் போன் போதும். நிறத்தை முடிவு செய்ய உதவாது. திரைக்குத் திரை நிறம் மாறும், வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைத்தாலும் மாறும். காகிதத்தில் அச்சிட்ட சார்ட்டிலும் நூலின் மினுக்கம் வராது. நூல் ஒட்டிய கார்டு இல்லையென்றால் நூலையே கார்டாக்குங்கள். கட்டாகப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். 6 இழையும் சேர்ந்திருக்கும்போது அடர்ந்து தெரியும். ஒற்றை இழையாகப் பிரித்து வெள்ளைத் துணியில் தைத்தால் வெளிறிவிடும். நீங்கள் தைக்கும் அதே துணியின் ஓரத்தில், அதே இழைக்கணக்கில், விரல் நகம் அளவுக்கு ஒவ்வொரு நிறத்தையும் ஒட்டி ஒட்டித் தைத்துப் பாருங்கள். பிறகு அதைப் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். சாம்பல் நிறம் படிப்படியாக இறங்கவேண்டும். பக்கத்திலிருக்கும் இரண்டு பட்டை ஒன்றாகிப்போனால் அதில் ஒன்று வேண்டாதது. திடீரென்று தாவினால் நடுவில் ஒன்று குறைகிறது.

பதில் 2

கறுப்பு வெள்ளைப் படம் அடர்த்தியை மட்டும்தான் காட்டும் என்பதை மறக்கவேண்டாம். இவரது நூல் நீலம் பக்கம் போகிறது, அது அந்தப் படத்தில் தெரியாது. அதற்குக் கண்தான்.

கேட்டவர்

துணி ஓரத்தில் தைத்துப் பார்த்துவிட்டேன். கறுப்பு வெள்ளையில் நான்கும் ஒழுங்காக இறங்குகின்றன, ஆக அடர்த்தியில் குறையில்லை, மூன்றாவதன் சாயல்தான் வேறு. அதை மட்டும் மாற்றினால் போதுமா, ஏற்கெனவே தைத்ததைப் பிரிக்கவேண்டுமா?

பதில் 1

போதும். மூன்றாவதைப் பிரித்துவிட்டு, இரண்டாவதன் குடும்பத்திலேயே அடுத்த வெளிறிய நிறத்தைப் போடுங்கள். அது நான்காவதோடும் சேர்கிறதா என்று ஓரத்தில் தைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் இடத்தில் மட்டும் இரண்டாவதில் ஓர் இழை, புதியதில் ஓர் இழை என்று ஒரே ஊசியில் கோத்து ஒரு வரிசை ஓட்டினால் கோடு கரைந்துவிடும். ஒரு கட்டு 8 மீட்டர்தான், அதனால் மிச்ச இலைகளுக்கும் தேவையானதைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் சாயத்தொகுதி (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்கள்) மாறினால் நிறத்தில் மயிரிழை அளவு வித்தியாசம் வரலாம், பச்சையில் அது கண்ணில் படும்.